ஆனைச்சாத்தன் போட்ட எதுகை: ஒரு பறவைப் பாசுரத்தைக் காதால் பிரித்துப் பார்ப்பது எப்படி

மார்கழி பிறக்கப் பத்து நாள் இருந்தது. எதிர்வீட்டுப் பெண் திருப்பாவைப் புத்தகத்தோடு வந்து நின்றாள். ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் ஒப்பித்தல் போட்டியாம். அதோடு பிடித்த பாசுரம் ஒன்றின் நயத்தைப் பற்றி மூன்று நிமிஷம் பேசவும் வேண்டுமாம். "பெரியம்மா, நயம்னா எதுகை மோனை நல்லா அமைஞ்சிருக்குன்னு சொன்னா போதுமா?" என்று கேட்டாள்.

போதாதுதான். ஆனால் அவளைக் குறை சொல்ல முடியாது. நம் நோட்ஸ் புத்தகங்கள் எல்லாம் அதோடுதான் நின்றுவிடுகின்றன. சாம்பாரில் உப்பு இருக்கிறது, புளி இருக்கிறது என்று சொல்வதைப் போன்ற விமர்சனம் அது. எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தொடங்கினால்தான் பாட்டு வாய் திறக்கும்.

நான் தமிழாசிரியை இல்லை. 1984-இல் மதுரையில் ஒரு சின்ன அச்சகத்தில் புரூஃப் பார்க்கச் சேர்ந்தவள். ஈய எழுத்தைக் கையால் அடுக்கிய காலம். புரூஃப் பார்ப்பவருக்கு ஒரு விசித்திரப் பழக்கம் வந்துவிடும்: பொருளைத் தள்ளி வைத்துவிட்டு எழுத்தை மட்டும் பார்ப்பது. பொருளில் லயித்தால் பிழை தப்பிவிடும். அந்தப் பழக்கம் பாசுரம் படிக்க இவ்வளவு உதவும் என்று அப்போது தெரியாது. அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதுகிறேன். பென்சில், கோடு போடாத ஒரு தாள், வாய்விட்டுப் படிக்க ஓர் இடம், இவ்வளவு போதும்.

எடுத்துக்கொண்டது ஆண்டாளின் ஏழாம் பாசுரம். முப்பதில் பறவைச் சத்தத்தை அப்படியே எழுத்தில் போட்டிருப்பது இது ஒன்றுதான்.

கீசுகீசு என்றெங்கும் ஆனைச்சாத்தன் கலந்து
பேசின பேச்சரவம் கேட்டிலையோ பேய்ப்பெண்ணே
காசும் பிறப்பும் கலகலப்பக் கைபேர்த்து
வாச நறுங்குழல் ஆய்ச்சியர் மத்தினால்
ஓசைப் படுத்த தயிரரவம் கேட்டிலையோ
நாயகப் பெண்பிள்ளாய் நாராயணன் மூர்த்தி
கேசவனைப் பாடவும் நீ கேட்டே கிடத்தியோ
தேசம் உடையாய் திறவேலோர் எம்பாவாய்

முதலில் இதைப் பாடாதீர்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்த பைரவி நம்மில் பலர் காதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அற்புதமான மெட்டுதான். ஆனால் ராகம் வந்தால் குறிலை நீட்டும், நெடிலை மேலும் நீட்டும். பாட்டின் சொந்த நடை மறைந்துவிடும். ஆகவே பேசுவதுபோல் படியுங்கள். ஒருமுறை மெதுவாக, ஒருமுறை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கூப்பிடுகிற வேகத்தில். கதவைத் தட்டுவது என்பதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. பாட்டின் வேலையே அதுதான்: வெளியே நிற்கும் பெண்கள் உள்ளே தூங்குகிறவளை எழுப்புகிறார்கள்.

இரண்டாவது வேலை, தாளின் இடது ஓரத்தில் எட்டு அடியின் முதல் சொல்லை மட்டும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுவது. கீசு, பேசின, காசும், வாச, ஓசை, நாயக, கேசவனை, தேசம். இப்போது இரண்டாம் எழுத்தை வட்டமிடுங்கள். சு, சி, சு, ச, சை, ய, ச, ச.

எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது, முதல் எழுத்து அளவில் ஒத்திருப்பது என்று படித்திருப்போம். இங்கே முதல் எழுத்து எட்டும் நெடில். சரி. இரண்டாம் எழுத்தில் ஏழு இடத்தில் சகரம். இந்த எட்டடிப் பாட்டை இலக்கணம் ஒருவிகற்பக் கொச்சகக் கலிப்பா என்று சொல்லும். ஒருவிகற்பம் என்றால் எட்டு அடிக்கும் ஒரே எதுகை. பெயரைச் சொல்லிவிட்டு நகராமல் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தச் சகரம் எங்கிருந்து வந்தது?

பறவையிடமிருந்து. பாட்டு பறவையின் கத்தலோடு தொடங்குகிறது. 'கீசு' என்பது அகராதிச் சொல்லாக வருவதற்கு முன் வெறும் சத்தம். அந்தச் சத்தத்தின் இரண்டாம் எழுத்துதான் பாட்டு முழுமைக்கும் எதுகையாகிவிடுகிறது. பேச்சும், காசும், வாசமும், ஓசையும், கேசவனும், தேசும் எல்லாம் அந்தக் குருவிக்குப் பதில் சொல்ல வந்த சொற்கள். திருமாலுக்குப் பெயரா இல்லை? மாதவன், கோவிந்தன், தாமோதரன் என்று ஆண்டாளே வேறு பாசுரங்களில் கூப்பிடுகிறாள். ஏழாம் அடியின் தலையில் நிற்க இங்கே கேசவனால்தான் முடிந்தது. ஒரு குருவி கத்தி, அதற்கு எதுகையாகக் கடவுளின் பெயர் வந்து நிற்கிறது. அவளுக்கு இதைச் சொன்னபோது "அப்ப குருவிதான் டியூன் போட்டுச்சா?" என்றாள். கிட்டத்தட்ட அப்படித்தான்.

இனி அந்த ஆறாம் அடி. நாயக. வட்டமிட்ட ஏழு சகரத்துக்கு நடுவே ஒரு யகரம்.

இதில் எனக்கு ஒரு பழைய அவமானம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், திருப்பாவைச் சிறு புத்தகம் ஒன்றின் புரூஃப் என் கையில் வந்தது. புதிதாக எதுகை கற்றுக்கொண்ட துடிப்பு. 'நாயக' என்ற இடத்தில் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் 'எதுகை தவறுகிறது, மூலம் பார்க்கவும்' என்று எழுதிவிட்டேன். மெய்ப்பு பார்க்க வருகிற வயதான புலவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "ஆண்டாளுக்கே பிழை திருத்துறியாம்மா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். காது சிவந்துவிட்டது. பிறகு தேநீர் வாங்கிக்கொடுத்து ஒன்று சொன்னார். உசிரு என்கிறாய், உயிர் என்று எழுதுகிறாய். வாசலில் நின்று பேசுகிறாய், அது வாயில். நேசம், நேயம். தேசம், தேயம். ச வந்த இடத்தில் ய வருவது தமிழ் வாய்க்குப் புதிதா?

அந்தப் பதிலின் முழு ருசி பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஏழாம் பாசுரத்துக்கு முந்தின ஆறாம் பாசுரத்தில் கருடனைப் 'புள்ளரையன்' என்கிறாள். பறவைகளின் அரையன். அரசன்தான் அரையன். ஒரு பாட்டு முன்னால் அரசனின் சகரத்தை யகரமாக்கியவள், இங்கே எதுகையின் சகரத்தை ஓர் அடிக்கு மட்டும் யகரமாக இளக்குகிறாள். எந்த அடியில் என்று பாருங்கள். ஐந்து அடி வரை குருவிச் சத்தம், மோர் கடையும் சத்தம், அதட்டல். ஆறாம் அடியில் குரல் மாறுகிறது. 'பேய்ப்பெண்ணே' என்று திட்டியவர்கள் 'நாயகப் பெண்பிள்ளாய்' என்று கொஞ்சுகிறார்கள், நீதானே எங்களுக்குத் தலைவி என்று. அந்த இடத்தில் 'ஸ்' என்ற உரசல் நின்று 'ய' என்று வழுக்குகிறது. திட்டமிட்டுச் செய்தாளா என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. காதுக்கு நடப்பதைத்தான் சொல்கிறேன்: குருவி ஓர் அடி சும்மா இருக்கிறது.

ஆகவே எதுகை பார்க்கும்போது எல்லாம் ஒத்திருக்கிறது என்று டிக் அடிக்காதீர்கள். ஒத்துவராத ஒன்றைத் தேடுங்கள். அங்கேதான் பெரும்பாலும் சங்கதி இருக்கும்.

அடுத்தது ஒரு சின்ன விளையாட்டு. கையை மோவாய்க்குக் கீழே வைத்துக்கொண்டு எட்டு அடியின் முதல் எழுத்தை மட்டும் சொல்லுங்கள்: கீ, பே, கா, வா, ஓ, நா, கே, தே. 'கீ'யில் வாய் குறுகலாக இருக்கும். 'பே'யில் கொஞ்சம் இறங்கும். 'கா', 'வா' வரும்போது தாடை கையில் வந்து இடிக்கும். 'ஓ'வில் உதடு குவியும். 'நா' மறுபடி திறக்கும். 'கே', 'தே' என்று கடைசியில் திரும்பக் குறுகும். சின்னக் குருவிக்கு ஈகாரம், தயிர்ப்பானைக்கு ஆகாரமும் ஓகாரமும். இரண்டாம் அடியை மட்டும் தனியாகச் சொல்லிப் பாருங்கள்: பே, பே, கே, பே, கடைசியில் ணே. முழுக்க ஏகாரம். குழந்தையைப் பழித்துக்காட்டுகிற பெரிய அக்காக்களின் குரல் அது.

இப்போது சீர் பிரிக்க வேண்டும். சீர் என்பது அடியின் ஒரு தாளத் துண்டு, அதற்குள் இருக்கிற சிறு துண்டு அசை. இங்கேதான் பலர் ஓடிவிடுகிறார்கள். ஓடத் தேவையில்லை. அசை இரண்டே இரண்டு. ஓர் எழுத்து தனியாகவோ ஒற்றோடோ நின்றால் நேர்: 'கீ', 'தன்', 'பேச்'. ஒரு குறில் தன்னை அடுத்த எழுத்தோடு சேர்ந்து இரண்டாக நின்றால் நிரை: 'சுகீ', 'பிறப்', 'கல'. இரண்டு அசை கொண்ட சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம். மூன்று அசை வந்து நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி. நேரில் தொடங்கினால் தேமா, கூவிளம் என்றும் நிரையில் தொடங்கினால் புளிமா, கருவிளம் என்றும் பெயர். ஒரு சீர் அடுத்த சீரோடு கட்டுப்படுகிற விதம் தளை. இந்தப் பாட்டில் அது வெண்டளை. அதாவது மாவுக்குப் பின் நிரை வரும், விளத்துக்கும் காய்க்கும் பின் நேர் வரும். இவ்வளவுதான் விதி.

விதியை வைத்துக்கொண்டு முதல் அடிக்குப் போனால் முட்டும். 'கீசுகீசு என்றெங்கும் ஆனைச்சாத்தன் கலந்து' என்று புத்தகத்தில் இருப்பது சொல் பிரிப்பு. சீர் பிரிப்பு வேறு:

கீசுகீ சென்றெங்கும் ஆனைச்சாத் தன்கலந்து

குருவியின் கத்தல் நடுவில் அறுபடுகிறது. பறவையின் பெயரும் 'ஆனைச்சாத்', 'தன்' என்று இரண்டு சீரில் விழுகிறது. கூவிளம், தேமாங்காய், தேமாங்காய், கூவிளங்காய். தளை எங்கும் தட்டவில்லை. இதை உரக்கப் படித்தால் சொல் ஒரு பக்கமும் தாளம் ஒரு பக்கமும் இழுப்பது தெரியும். விடியற்காலையில் பல குருவிகள் ஒரே நேரத்தில் கத்தினால் ஒன்றின் சத்தம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியுமா? 'எங்கும்', 'கலந்து' என்று சொற்கள் சொல்வதைச் சீர் செய்துகாட்டுகிறது.

ஆறாம் அடியிலும் இதே சிக்கல். 'நாராயணன்' என்பதை ஒரே சீராக வைத்தால் நேர், நேர், நிரை என்று தேமாங்கனி ஆகிவிடும். கனிச்சீர் வந்தால் வெண்டளை கெடும். 'நாரா யணன்மூர்த்தி' என்று பிரியுங்கள். தேமா, புளிமாங்காய். வழி பிறந்துவிட்டது. ஏழாம் அடியில் 'நீ' யாரோடு சேர்கிறது? 'நீகேட்டே கிடத்தியோ' என்று படித்தால் காய்க்குப் பின் நிரை வந்து கலித்தளை தட்டும். 'பாடவும்நீ கேட்டே கிடத்தியோ' என்று வைத்தால் சரியாக ஓடும். அச்சில் வருகிற இடைவெளி நம் கண்ணுக்காகப் போட்டது. செய்யுளின் மூச்சு எங்கே விழுகிறது என்பதை நீங்களாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடைசி அடியில் 'தேச முடையாய்' என்று மகரம் அடுத்த சீருக்குத் தாவிவிடும்.

பிரித்து முடித்தபின் ஒவ்வோர் அடியிலும் எத்தனை அசை என்று எண்ணி ஓரத்தில் எழுதுங்கள். எங்களுக்கு வந்த கணக்கு: 11, 11, 10, 8, 10, 10, 10, 10. குருவி வருகிற முதல் இரண்டு அடியில்தான் நெரிசல் அதிகம். நான்காம் அடியில் எட்டே அசை. ஒரு காய்ச்சீர்கூட இல்லாத ஒரே அடி அது. தேமா, கருவிளம், கூவிளம், கூவிளம். 'வாச நறுங்குழல் ஆய்ச்சியர் மத்தினால்.' பாட்டு முழுவதும் சத்தம். இந்த அடியின் முன்பாதியில் மட்டும் சத்தமே இல்லை, கூந்தல் மணம்தான் இருக்கிறது. அங்கே அடி லேசாகிவிடுகிறது. எண்ணிப் பார்க்காமல் இதை நான் நாற்பது வருஷம் தவறவிட்டிருக்கிறேன்.

மோனைக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம், ஆனால் சீர் பிரித்த பிறகு பாருங்கள், முன்னால் பார்த்தால் தப்பாக வரும். 'பேசின, பேச்சரவம், பேய்ப்பெண்ணே' ஒன்று, இரண்டு, நான்காம் சீர்: கீழ்க்கதுவாய். 'காசும், கலகலப்ப, கைபேர்த்து' ஒன்று, மூன்று, நான்கு: மேற்கதுவாய். ஏழாம் அடியும் அப்படியே: 'கேசவனை, கேட்டே, கிடத்தியோ'. முதல் அடியில் 'கீ, கீ, க' என்று காதுக்கு மோனை போலக் கேட்கும். சீரின் முதலெழுத்தைப் பார்த்தால் கீ, செ, ஆ, த. மோனை இல்லை! பெயர் சூட்டுவதில் மட்டும் குறியாக இருப்பவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் மூன்றாம் அடி. மத்தால் கடைகிறவர்களை இப்போது பார்ப்பது அரிது. என் ஆச்சி வீட்டில் தூணில் கட்டிய கயிற்றில் மத்து நிற்கும். ஆச்சி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கயிற்றின் இரு முனையையும் பிடித்து மாறி மாறி இழுப்பாள். வலக்கை முன்னால் வந்தால் இடக்கை பின்னால் போகும். அதை மனதில் வைத்துக்கொண்டு இந்த அடியைப் படியுங்கள்.

காசும் பிறப்பும் கலகலப்பக் கைபேர்த்து

காசு, பிறப்பு: க, ப. கலகலப்ப: க, ப. கைபேர்த்து: க, ப. மூன்று முறை. ககரத்துக்கு நாக்கின் பின்புறம் அண்ணத்தைத் தொடும், பகரத்துக்கு உதடு மூடும். பின்னால், முன்னால், பின்னால், முன்னால். வாய்க்குள்ளேயே கயிறு இழுபடுகிறது. நடுவில் 'கலகல' என்பது கழுத்து நகைகள் மோதுகிற சத்தம். காசும் பிறப்பும் ஆய்ச்சியர் கழுத்தில் போட்டிருக்கிற அணிகள். முதல் அடியின் 'கீசுகீசு' இரட்டைக்கிளவி, இங்கே 'கலகல' இரட்டைக்கிளவி. குருவிக்கு ஒன்று, மனுஷிக்கு ஒன்று. கடைசிச் சொல்லில் 'பேர்த்து' என்று ர், த் அடுத்தடுத்து வந்து கொஞ்சம் முக்கவைக்கிறது. கெட்டித் தயிர்.

நடுவில் பறவையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆனைச்சாத்தன் என்றால் என்ன பறவை என்று அவள் கேட்டாள். உரைகளில் வலியன் என்றும் பரத்வாஜப் பறவை என்றும் வரும். கரிச்சான் என்று கொள்கிறவர்கள் உண்டு. நாம் இரட்டைவால் குருவி என்கிறோமே, மின்கம்பியில் கன்னங்கரேலென்று வால் பிளந்து உட்கார்ந்திருக்குமே, அது. இருட்டுப் பிரிவதற்கு முன்பே குரல் கொடுக்கத் தொடங்கிவிடும் பறவை, ஆகவே பாட்டின் நேரத்துக்குப் பொருத்தம்தான். என் காதுக்குக் கரிச்சானின் குரலில் கரகரப்பும் சீழ்க்கையும் சேர்ந்தே இருக்கும். வெறும் கீசுகீசு இல்லை. ஆனால் கவிஞர் ஒலிப்பதிவு செய்யவில்லையே. காக்கை 'கா' என்றா கத்துகிறது? ஒவ்வொரு மொழியும் தன் எழுத்தில் உள்ளதைத்தான் பறவைக்குக் கொடுக்கும். இன்னொன்று: அவை 'கத்தின' என்று பாட்டில் இல்லை. 'கலந்து பேசின பேச்சு'. பகலில் இரைதேடப் பிரிந்து போகவேண்டுமே என்று சோடியாக இருந்து பேசிக்கொள்கின்றன என்று உரையில் சொல்வதுண்டு. அப்புறம் 'அரவம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டாள். பேச்சு என்று தெரிகிறது, என்ன பேசுகின்றன என்று தெரியவில்லை. பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோல் அரவம் மட்டும் வருகிறது. குருவியை ஆசாரியனாகக் கொண்டு ஆழ்பொருள் சொல்கிற மரபும் இருக்கிறது. அதை அறிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஒலியோடு நிற்கிறேன்.

அரவம் என்ற சொல்லையே பென்சிலால் பின்தொடரலாம். இந்தப் பாசுரத்தில் இரண்டு: பேச்சரவம், தயிரரவம். முந்தின பாசுரத்திலும் இரண்டு: சங்கின் பேரரவம், முனிவர்களும் யோகிகளும் 'அரி' என்கிற பேரரவம். அந்த இரண்டு பேரரவத்துக்கும் நடுவில் 'வெள்ளத் தரவில் துயிலமர்ந்த வித்து' என்று வருகிறது. அரவு, பாம்பு. சத்தத்துக்கு நடுவே, ஏறக்குறைய அதே சொல்லின் மேல், ஒருவன் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

அதுபோலத் திரும்பி வருகிற இன்னொரு சொல் 'கேட்டிலையோ'. இரண்டாம் அடியில் ஒன்று, ஐந்தாம் அடியில் ஒன்று. குருவிச் சத்தம் கேட்கவில்லையா? தயிர் கடையும் சத்தம் கேட்கவில்லையா? மூன்றாவது சத்தம் இவர்களே பாடுகிற கேசவன் பெயர். அங்கேயும் 'கேட்டிலையோ' என்றுதான் வரும் என்று காது காத்திருக்கும். வருவது 'கேட்டே கிடத்தியோ'. கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறாயா! இரண்டு முறை எதிர்மறையில் கேட்டுவிட்டு மூன்றாம் முறை அதே வினையை உடன்பாட்டில் திருப்பிப் போடுகிறாள். உள்ளே இருப்பவள் தூங்கவில்லை, பாசாங்கு செய்கிறாள் என்பது அந்த ஒரு திருப்பத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. போட்டிக்குப் பேசப்போகிற பிள்ளைகள் இதை ஒன்றைச் சொன்னாலே நடுவர் நிமிர்ந்து உட்காருவார்.

கூப்பிடுகிற விளிகளையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். பேய்ப்பெண்ணே, நாயகப் பெண்பிள்ளாய், தேசமுடையாய். திட்டு, தாஜா, புகழ்ச்சி. தேசு என்றால் ஒளி. பேயில் ஆரம்பித்தவள் ஒளியில் முடிகிறாள். பிறகு ஒரே ஓர் ஏவல்: திற. முழுப்பாட்டிலும் கட்டளையாக வருகிற வினை இந்த இரண்டெழுத்துதான். அதன் பின்னால் வருகிற 'ஏலோர்' அசைநிலை, அதாவது தனிப் பொருளில்லாமல் ஓசைக்கு நிற்பது என்பார்கள். 'திறவேலோர் எம்பாவாய்' என்று சொல்லும்போது அந்த இரண்டெழுத்துக் கட்டளை சுருக்கென்று நிற்காமல் நீண்டு ஓய்கிறது.

ஒரு பாட்டைத் தனியாகப் பார்த்து முடித்தபின் பக்கத்தில் இன்னொன்றை வைக்காமல் விடாதீர்கள். இதற்குப் பக்கத்தில் வைக்க ஆறாம் பாசுரமே சரி. 'புள்ளும் சிலம்பினகாண்.' இதன் இடது ஓரம்: புள்ளும், வெள்ளை, பிள்ளாய், கள்ள, வெள்ளத்து, உள்ளத்து, மெள்ள, உள்ளம். எட்டும் குறில், எட்டிலும் ளகர இரட்டை, ஓர் இடத்தில்கூடப் பிசகில்லை. நாக்கை மடித்து ஒரு கணம் நிறுத்தித்தான் சொல்ல முடியும், ஆகவே ஒவ்வோர் அடியும் நிதானமாகத் தொடங்குகிறது. நிதானத்துக்குரிய 'மெள்ள' என்ற சொல்லே எதுகையில் இருக்கிறது. யோகிகள் எழுந்திருப்பதற்கு அந்த ஒலி பொருந்தும். அடுத்த பாட்டில் குருவிக்கும் இடைச்சிகளுக்கும் 'கீசு, பேசி, காசு' என்று உரசல். இரண்டும் ஒரே யாப்பு, ஒரே எட்டடி, அடுத்தடுத்த நாள். எதுகை எழுத்து ஒன்றை மாற்றினால் நடையே மாறிவிடுகிறது.

பதின்மூன்றாம் பாசுரத்தில் 'புள்ளும் சிலம்பினகாண்' என்ற அதே தொடர் ஐந்தாம் அடியில் வருகிறது. ஆனால் அங்கே பாட்டு தொடங்குவது 'புள்ளின்வாய் கீண்டானை' என்று: பறவை உருவில் வந்த அசுரனின் வாயைப் பிளந்தவன். ஒரே பாட்டுக்குள் கொல்லப்பட்ட புள் ஒன்று, விடியலில் கூவுகிற புள் ஒன்று, இரண்டும் ஒரே எதுகையில். இதை நான் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். நீங்கள் உட்கார்ந்து பார்க்கலாம்.

மூன்று நிமிஷப் பேச்சுக்கு இவ்வளவும் வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். குருவி போட்ட எதுகை, நாயகவில் இளகும் ஒலி, கயிறு இழுக்கும் மூன்றாம் அடி, கேட்டிலையோ கேட்டே ஆவது. இந்த நாலில் இரண்டை எடுத்துக்கொள், ஒவ்வொன்றுக்கும் அடியை வாய்விட்டுச் சொல்லிக் காட்டு, பெயர்களைக் கடைசியில் சொல். கீழ்க்கதுவாய் என்று தொடங்கினால் முதல் வரிசையே தூங்கிவிடும்.

வீட்டுப்பாடமாகப் பதினெட்டாம் பாசுரத்தைக் கொடுத்து அனுப்பினேன். அதிலும் பறவை உண்டு: 'வந்தெங்கும் கோழி அழைத்தனகாண்', அடுத்து 'மாதவிப் பந்தல்மேல் பல்கால் குயிலினங்கள் கூவினகாண்'. மறுநாள் சாயங்காலம் தாளோடு வந்தாள். அசைக்கணக்கில் இரண்டு இடம் தப்பு. ஆனால் 'குயிலினங்கள் கூவின' என்பதில் 'கு'வையும் 'கூ'வையும் வட்டமிட்டு, பக்கத்தில் எழுதியிருந்தாள்: 'இங்க குயில் சத்தம் தனியா எழுதலை பெரியம்மா. பேருக்குள்ளயும் வினைக்குள்ளயும் ஒளிச்சு வச்சிருக்கு. குறில்ல ஒரு தடவை, நெடில்ல ஒரு தடவை.'

நான் அந்த இடத்தில் சிவப்பு மை வைக்கவில்லை.